வெந்த அவரையை விற்றுக் கல்வெட்டைக் காப்பாற்றலாமா?

டிசம்பர் 14

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படியே தருகிறேன்:

"இன்று காலை உங்கள் அருங்காட்சியகத்தில் பெங்களூருக்குப் பெயர் வந்த விதம் பற்றிய பேச்சைக் கேட்டேன். வெந்த பயற்றால் வந்த பெயர் என்பது கட்டுக்கதை என்று ஒரு மணி நேரம் நிரூபித்தீர்கள். படியிறங்கி வந்தால் வாசலில் மேசை போட்டு, அருங்காட்சியக நிதிக்கென்று வெந்த அவரைக்கொட்டைச் சுண்டலைப் பொட்டலம் ஐம்பது ரூபாய்க்கு விற்கிறீர்கள். மேசைமேல் 'அரசன் உண்ட அவரை' என்று ஓர் அட்டை வேறு. கதை பொய் என்றால் அட்டை எதற்கு? மெய் என்றால் பேச்சு எதற்கு?"

அட்டையை எழுதியவள் நான். கரண்டியோடு நின்றவளும் நான். ஆகவே பதில் சொல்லும் கடமையும் என்னுடையதுதான். ஆனால் மணி பதினொன்று ஆகிவிட்டது, அண்டா இன்னும் கழுவவில்லை. நாளை.

டிசம்பர் 15

கதை தெரியாதவர்களுக்காக: வீர பல்லாளன் என்ற ஹொய்சள அரசன் வேட்டைக்குப் போய்க் காட்டில் வழி தவறினான். பசியோடு ஒரு குடிசை வாசலில் வந்து நின்றான். அங்கிருந்த கிழவி வெந்த பயற்றைக் கொடுத்தாள். தின்றவன் மகிழ்ந்து அந்த இடத்துக்கு 'பெந்தகாளூரு' என்று பெயர் வைத்தான். அது தேய்ந்து பெங்களூரு ஆயிற்று. கன்னடத்துப் 'பெந்த' நம்முடைய 'வெந்த'தான். 'காளு' என்றால் பயறு.

இந்தக் கதையைக் கொல்வது பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் இருக்கும் ஒரு கல். கங்கர் காலம், சுமார் 890ஆம் ஆண்டு. பெங்களூருப் போரில் ஒருவன் மாண்டதைக் கன்னடத்தில் சொல்கிறது. இரண்டாம் வீர பல்லாளன் பட்டத்துக்கு வந்தது 1173இல். அவன் வேட்டைக்குக் கிளம்புவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர் இருந்திருக்கிறது, பெயர் இருந்திருக்கிறது, அடிதடியும் இருந்திருக்கிறது. கிழவி அவரை வேகவைத்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஊருக்குப் பெயர் வைக்கும் வேலை அவளுக்கு மிச்சம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் சுண்டல்? பேச்சுக்கு அனுமதி இலவசம். உண்டியல் வாசலில் இருக்கிறது. பேச்சு கேட்டவர்கள் நாற்பது பேர் என்றால் உண்டியலில் விழுவது, மரியாதையாகச் சொன்னால், சில்லறை. சுண்டல் அண்டா ஒரு மணி நேரத்தில் காலியாகிவிட்டது. சுண்டல் வாங்க வந்து பேச்சைக் கேட்காமலே போனவர்களும் உண்டு.

எங்கள் அருங்காட்சியகம் என்பது அல்சூர்ப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம், இரண்டே அறை. கண்டோன்மெண்டுக் குடும்பங்கள் கொடுத்த போட்டோக்கள், ராணுவத் தகரப் பெட்டிகள், ரேஷன் கார்டுகள், பித்தளைப் படி ஒன்று, பின்கட்டில் ஒரு துவைகல். மழை வந்தால் இரண்டாம் அறையில் ஒழுகும். சுண்டல் காசு கூரைக்குப் போகிறது.

டிசம்பர் 15, கொஞ்ச நேரம் கழித்து

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'பணம் தேவை, அதனால் விற்றோம்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டது அட்டையைப் பற்றி. அட்டைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 'அவரைச் சுண்டல்' என்று வெறுமனே எழுதியிருந்தால் பாதிதான் விற்றிருக்கும். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

டிசம்பர் 19

வேறொரு வாசகர் உற்சாகமாக எழுதியிருக்கிறார்: மடிவாளம் சோமேஸ்வரர் கோயில் கல்வெட்டில் 'வெங்களூர்' என்று தமிழில் இருக்கிறதாமே, ஆக ஊர்ப் பெயரை முதலில் எழுதியவர்கள் நாம்தானே என்று.

இல்லை. மடிவாளம் கல்வெட்டு 1247ஆம் ஆண்டு. பேகூர்க் கல் சுமார் 890. கழித்துப் பாருங்கள்.

இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபத்தைந்து வயதில், வங்கியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உணவு இடைவேளையில் இதே வாதத்தை ஒரு கன்னடச் சக ஊழியரிடம் வைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை மதியம் என்னைப் பஸ்ஸில் பேகூருக்கு அழைத்துப்போய் அந்தக் கல்லின் முன் நிறுத்தினார். எனக்கு அன்று கன்னடம் படிக்கத் தெரியாது. அவர் ஒவ்வோர் எழுத்தாக விரலால் காட்டினார். நான் பழைய கல்லைப் பார்க்க ஆரம்பித்தது அந்தச் சனிக்கிழமைதான். தோற்றுத்தான் உள்ளே வந்தேன்.

மடிவாளம் கல்வெட்டு முதலாவதாக இல்லாவிட்டால் என்ன? அது சொல்வது அழகான செய்தி. வேப்பூரைச் சேர்ந்த ஒருவர், வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைக் கொடையாக விட்டிருக்கிறார். வேப்பூர் என்பது இன்றைய பேகூர். பெங்களூர் வெங்களூராகவும் பேகூர் வேப்பூராகவும் இருப்பதைப் பாருங்கள். அவர்கள் பேரு என்பது நமக்கு வேர். அவர்கள் பாளெ நமக்கு வாழை. பெலெ, விலை. அந்தப் பகரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே ஊரை அவரவர் வாயால் கூப்பிட்டிருக்கிறார்கள், யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஜனவரி 4

மறுபடி சுண்டல். இந்த முறை கூடவே பிதுக்குப் பருப்புக் குழம்பும்.

மார்கழியில் பனி இறங்கினால்தான் இந்த அவரைக்கு மணம் வரும். கன்னடத்தில் அதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது, சொகடு. காயைத் தொட்டால் விரலில் ஒரு பிசுக்கு ஒட்டும், அது சோப்புக்குப் போகாது. நேற்று இரவு ஏழு பேர் அருங்காட்சியகத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து கொட்டை பிதுக்கினோம். ஊறிய கொட்டையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு தெறித்து ஓடும். முதல் அரை மணி நேரம் எல்லோருடைய பருப்பும் போட்டோச் சட்டங்களின் மேல்தான் விழுந்தது.

எங்களோடு பிதுக்கியவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர். எல்லோரும் 'மேஷ்ட்ரு' என்போம். அவர் திடீரென்று, "நீங்கள் இதற்கு என்ன சொல்வீர்கள் அம்மா?" என்றார்.

"பிதுக்குப் பருப்பு."

"நாங்கள் ஹிதுகு பேளே. பாலை ஹாலு என்கிறோம், பல்லை ஹல்லு என்கிறோம். பூ ஹூவு. பழைய கன்னடத்தில் எங்களுக்கும் பகரம்தான். பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு மெல்ல ஹகரம் ஆனது. ஆக நீங்கள் இன்னும் பழைய கன்னடத்தில் பிதுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்."

"நீங்கள் தமிழைப் பாதி மென்று துப்பியிருக்கிறீர்கள் என்றும் சொல்லலாம் மேஷ்ட்ரே."

அவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த தட்டு சாய்ந்துவிட்டது. இதை ஒரு பேச்சாக வைக்கலாம் என்று அப்போதே முடிவு செய்தோம். மைக் வேண்டாம், பாய் போதும். வருபவர்கள் பிதுக்கிக்கொண்டே கேட்க வேண்டும். எங்களுக்கு வேலையும் மிச்சம்.

ஜனவரி 5

கணக்கு: கூரைக்குத் தேவைப்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டது. அட்டையில் இம்முறை 'அரசன் உண்ணாத அவரை' என்று எழுதினேன். அப்படியும் விற்றது. முதல் கேள்வி கேட்ட வாசகர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜனவரி 18

குளிர்காலச் சுற்றுலாவின் முதல் நாள். சிறுவர்கள் பதினான்கு பேர், பெரியவர்கள் ஒன்பது பேர், கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகம். அந்தச் சிவப்புக் கட்டடத்தில் ஆயிரம் பொருள் இருந்தாலும் நான் பிள்ளைகளை நேராக அழைத்துப்போவது ஒரு நாயிடம்.

ஆதகூர்க் கல். மத்தூர்ப் பக்கத்து ஆதகூரிலிருந்து வந்தது. சக ஆண்டு 872, அதாவது 949–950. மேலே ஒரு நாயும் காட்டுப் பன்றியும் மல்லுக்கு நிற்பது செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் காளி. கங்க அரசன் பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் இருந்தான். அவன் போரில் காட்டிய வீரத்தை மெச்சி, என்ன வேண்டும் கேள் என்றார்கள். ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். அவன் காளி என்ற நாயைக் கேட்டான். பிறகு அந்த நாயை ஒரு பெரிய பன்றிமேல் ஏவினார்கள். இரண்டும் மாண்டன. நாய்க்குக் கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டார்கள்.

பிள்ளைகள் அசையவில்லை. ஒரு சிறுமி, "பன்றிக்குக் கல் இல்லையா, பாட்டி?" என்றாள். பன்றியும் அதே கல்லில்தான் இருக்கிறது என்று காட்டினேன். அவளுக்குத் திருப்தி இல்லை. பன்றிக்குப் பெயர் போடவில்லையே என்றாள். நியாயம்தான்.

ஜனவரி 19

நேற்றுப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டது.

மணலேரன் வீரம் காட்டிய அந்தப் போர் தக்கோலப் போர். இன்றைய அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலம். ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனும் பூதுகனும் ஒரு பக்கம், பராந்தகச் சோழனின் மகன் ராஜாதித்தன் மறுபக்கம். யானைமேல் இருந்தபடியே இறந்ததால் நம் கல்வெட்டுகளில் அவனுக்கு 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று பெயர். துஞ்சின என்ற சொல்லைப் பாருங்கள். அம்பு தைத்துச் செத்தவனைத் தூங்கியவன் என்கிறார்கள்.

ஆதகூர்க் கல், ராஜாதித்தனைக் கொன்றவன் பூதுகன் என்கிறது. சோழர்களின் லெய்டன் செப்பேடு, பகைவனின் அம்பு நெஞ்சைப் பிளந்தது என்று சொல்லி அவனை விண்ணுலகம் அனுப்புகிறது. வென்றவன் கல்லில் ஒரு கதை, தோற்றவன் செப்பேட்டில் ஒரு கதை. இடையில் ஒரு நாய்.

என் தாத்தா அரக்கோணத்துக்காரர். பிழைப்புக்கு ரயிலேறி, கண்டோன்மெண்டில் இறங்கி, ராணுவ முகாம்களுக்குக் காய்கறி போட்டவர். அவர் ஊரைவிட்டுக் கிளம்பி வந்து சேர்ந்த நகரத்தில், அவர் ஊருக்குப் பக்கத்தில் நடந்த சண்டையின் சாட்சி ஒரு நாயின் கல்லாக நிற்கிறது. அவர் கஸ்தூர்பா சாலை வழியாக எத்தனை முறை வண்டி ஓட்டியிருப்பார், உள்ளே போனதே இல்லை. 'செத்த காலேஜுக்கு எதற்கு டிக்கெட்?' என்பார். அருங்காட்சியகத்துக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வைத்த பெயர் அதுதான், செத்த காலேஜ். கண்ணாடிப் பெட்டியில் பாடம் செய்த விலங்குகள் இருந்ததால்.

ஜனவரி 27

நாய்க்கல்லைப் பற்றி இன்னொன்று, நிதி திரட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது.

நாயின் பூசைக்கு விட்ட நிலத்தைக் கவனிக்க ஒரு கொரவனை, அதாவது சைவத் துறவியை, வைத்தார்கள். அவன் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் அந்த நாய் செய்த பாவம் அவனைச் சேரும் என்று கல்லிலேயே பொறித்துவிட்டார்கள். காளி என்னென்ன பாவம் செய்ததோ யாருக்குத் தெரியும்! மனிதன் பாவம் என்றால் கணக்குப் போட்டுத் துணியலாம். நாயின் பாவம் என்றால் எவனும் சோற்றில் கை வைக்கமாட்டான்.

நம் கல்வெட்டுகளிலும் இதே வேலை நடக்கிறது. தர்மத்தை அழிப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். காப்பவன் பாதம் என் தலைமேல் இருக்கும். அடியும் அணைப்பும் ஒன்றாக. பாதியளவு கல்வெட்டுகளைப் படித்தால் உங்களுக்குப் புரிந்துவிடும்: போர் கொஞ்சம், அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி கொஞ்சம், மீதியெல்லாம் யார் என்ன கொடுத்தார், அதைத் தின்றுவிடாதே என்பதுதான். கல்வெட்டு என்பது ரசீதுப் புத்தகம். கிழிக்க முடியாத ரசீது.

தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் போனால் பாருங்கள். அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களைக் கொடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. கோபுரம் கட்டவில்லை, கிராமம் எழுதிவைக்கவில்லை. வாசலுக்கு இரண்டு கால். பேர் நின்றுவிட்டது. அதே கோயிலில் போசள, அதாவது ஹொய்சள, வீர ராமநாதன் என்ற அரசனின் கொடையும் இருக்கிறது. அரசனும் இரண்டு கால் கொடுத்தவரும் ஒரே கோயிலில் பக்கத்துப் பக்கத்தில்.

எங்கள் அருங்காட்சியகக் கூரைவிசிறியில் மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயர் எழுதியிருக்கிறது. கரண்ட் போனால் மட்டும் படிக்கலாம்.

பிப்ரவரி 9

துவைகல் விவகாரம். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பின்கட்டுத் துவைகல்லின் அடிப்பக்கத்தில் எழுத்து இருப்பதாக எங்களுக்கு நீண்ட நாள் சந்தேகம். விரலால் தடவினால் தமிழ் போல இருக்கும். ஒரு மூத்த தொண்டர் 'சோழர் காலம்தான், சத்தியம்' என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். சரி, இதையே ஒரு நிகழ்ச்சியாக வைப்போம் என்று 'கல்வெட்டை மைப்படி எடுப்பது எப்படி' என்று அறிவித்து, ஆளுக்கு இருநூறு ரூபாய் டிக்கெட் போட்டோம். முப்பது பேர் வந்துவிட்டார்கள். நிதி திரட்டலில் இதுவே எங்கள் சாதனை.

கல்லைப் புரட்டிப்போட்டுத் தண்ணீர் விட்டு, நார்த் தூரிகையால் நாற்பது வருட சோப்பைத் தேய்த்து எடுத்தோம். நனைத்த தாளைக் கல்மேல் போர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழியைத் தள்ளினார், பழகிய கைக்காரர் ஒருவர். பிறகு தூரிகையால் தட்டத் தொடங்கினார். தட் தட் என்று ஒரே சீராக. தாள் மெல்ல எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கியது. கொஞ்சம் காயவிட்டு, துணிப்பந்தில் மையைத் தொட்டு ஒற்றினார். தளம் கறுத்தது, பள்ளம் வெள்ளையாக நின்றது. எழுத்து இருட்டிலிருந்து வருவது போல வந்தது.

முதலில் 'உ'. யாரும் மூச்சுவிடவில்லை. அடுத்து 'ப'. மூத்த தொண்டர் கைகூப்பிவிட்டார். 'ய'. அதற்கடுத்து 'ம', அதன் தலையில் கொழுத்த ஒரு புள்ளி.

உபயம்.

பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. அந்தப் புள்ளியைப் பார்த்ததுமே மைப்படிக்காரர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். கீழ் வரியில் 1931 என்று இருந்தது. எவரோ ஒரு புண்ணியவான் தெருக் குழாயடிக்குத் துவைகல் தானம் செய்திருக்கிறார். மூத்த தொண்டர் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "சோழர் மரபு தொடர்கிறது" என்றார்.

பணத்தைத் திருப்பித் தர முன்வந்தோம். ஒருவரும் வாங்கவில்லை.

பிப்ரவரி 10

யோசித்துப் பார்த்தால் அந்தக் கல் எங்களிடம் இருக்கும் ஆகச் சிறந்த பொருள். இனி துவைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன். வேலைக்கு வரும் பெண்மணி, "அப்படியானால் எங்கே துவைக்க, அக்கா?" என்கிறார். அவருக்கு வேறு கல் வாங்க வேண்டும். அதற்கும் நிதி.

மார்ச் 2

ஒரு தனியார் நிறுவனம் கூரை முழுவதையும் தானே செய்துதருவதாக வந்தது. பேர் சொல்லப்போவதில்லை. மூன்று கூட்டம், இரண்டு காபி, ஒரு விருந்து. கடைசியில் அவர்கள் அனுப்பிய வரைபடத்தில் நுழைவாசல் பலகை இருந்தது. அவர்கள் சின்னம் ஆறடி, எங்கள் பெயர் ஓரத்தில் எறும்பு வரிசை. அழகியார் இரண்டு நிலைக்காலோடு நிறுத்திக்கொண்டாரே, அவரிடம் யாராவது இவர்களை அனுப்பிவைத்தால் தேவலை. மறுத்துவிட்டோம். இரண்டாம் அறையில் வாளி இன்னும் இருக்கிறது.

மறுத்தது சரியா என்று நேற்று இரவு தூக்கம் வரவில்லை. துவைகல்லில் பெயர் போட்டவரைக் கொண்டாடுகிறேன், ஆறடிச் சின்னக்காரரைத் திட்டுகிறேன். வித்தியாசம் அளவில் மட்டும்தானா? மேஷ்ட்ருவிடம் கேட்டேன். "அவர் பெயர் கல்லுக்கு அடியில் இருந்தது அம்மா. புரட்டினால்தான் தெரிந்தது" என்றார். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

ஹெப்பாளில் கிடைத்த கிட்டய்யா கல், சுமார் 750ஆம் ஆண்டு, இந்த நகரத்தின் மிகப் பழைய கன்னடக் கல்வெட்டு. அதற்கு ஊர் மக்கள் பணம் போட்டு மண்டபம் கட்டினார்கள். சின்னச் சின்னத் தொகையாகத்தான். நடக்காதது இல்லை.

மார்ச் 16

டிசம்பர் 14 கேள்விக்கு நான் தேடிக்கொண்டிருந்த பதில் இன்று கிடைத்துவிட்டது.

பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தை 1865இல் தொடங்கியவர் எட்வர்ட் பால்ஃபர், ராணுவ மருத்துவர். அதற்கு முன்பு 1851இல் சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கி நடத்தியவரும் அவரே. எழும்பூரில் கல்லும் ஓடும் கிளிஞ்சலும் அடுக்கிவைத்துப் பார்த்தார். பிறகு அங்கே ஒரு புலிக்குட்டியை உயிரோடு வைத்தபோது கூட்டம் அலைமோதியதைக் கவனித்தார். அவ்வளவுதான், ஆற்காட்டு நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையெல்லாம் அருங்காட்சியகத்துக்கே கொடையாக வாங்கிவிட்டார். சென்னை விலங்குக் காட்சிசாலை பிறந்த கதை இது.

எழும்பூர் அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னையில் சொல்வார்கள். தாத்தா அரக்கோணத்திலிருந்து கொண்டுவந்து கஸ்தூர்பா சாலைக்கு ஒட்டிவைத்த பெயர் இதுதான் போலிருக்கிறது.

ஆகவே வாசகரே, எங்கள் அண்டா எங்கள் புலிக்குட்டி. பால்ஃபருக்கு அனுமதித்ததை எனக்கும் அனுமதியுங்கள்.

மார்ச் 17

அதே வாசகர் உடனே மடக்கிவிட்டார்: "புலிக்குட்டி புலிக்குட்டிதான். அதை வைத்துக்கொண்டு பால்ஃபர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. உங்கள் அட்டை சொன்னது."

தோற்றேன். எனக்கு இது பழக்கம்தான். அடுத்த பருவத்துக்கு அட்டை வாசகத்தை அவரையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 20

கரகம் இரவு நடை. தர்மராயசுவாமி கோயிலிலிருந்து சித்திரைப் பௌர்ணமி நள்ளிரவுக்குப் பிறகு கரகம் கிளம்பும். திகளர் சமூகத்தார் திரௌபதிக்கு எடுக்கும் விழா. கத்தி ஏந்திய வீரகுமாரர்கள், மல்லிகை மூடிய கரகம், வழியில் தவக்கல் மஸ்தான் தர்கா. எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் கேட்டு, தீமிதி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே நின்றால் அந்நியமாகத் தோன்றாது. சித்தூர்ப் பேட்டைக்காரர் ஒருவர் கூட்டத்தில் என் பக்கத்தில் நின்று அழுதார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இருபது பேர் டிக்கெட் வாங்கினார்கள். நள்ளிரவில் ஏழு பேரைத் தொலைத்தேன். விடியற்காலை டீக்கடையில் ஆறு பேர் கிடைத்தார்கள். ஏழாவது ஆள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டாராம்.

மே 3

நேற்று மாலை ஆலங்கட்டி மழை. இரண்டாம் அறையில் பாதிக் கூரை புதிது, பாதி பழையது. புதிய பாதி ஒழுகவில்லை. எந்தப் பாதியின் கீழ் போட்டோக்களை வைப்பது என்று இனி சண்டை.

அவரைப் பருவம் முடிந்துவிட்டது. மழைக்காலத்தில் சுற்றுலா கிடையாது, உள்ளே உட்கார்ந்து கேட்கும் பேச்சுகள் மட்டும். என்ன விற்பது என்று யோசனை நடக்கிறது. மூத்த தொண்டர் பலாச்சுளை என்கிறார்.

மே 11

முதல் கேள்வியின் வாசகர் இன்று நேரில் வந்தார். நான் நினைத்ததைவிட இளைஞர். துவைகல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்றார், இரண்டு பேர் சேர்ந்து புரட்டினோம். 'ம்' மேலிருந்த புள்ளியை நெடுநேரம் பார்த்தார். கூரைக்கு ஒரு தொகை கொடுத்தார். பெயர் எங்கும் வேண்டாம், ரசீது மட்டும் போதும், ஆனால் ரசீதில் நாய் வாசகம் இருக்க வேண்டும் என்றார்.

எழுதிக் கொடுத்தேன்: 'இப்பணத்தைக் கூரைக்கன்றி வேறெதற்கும் செலவிடும் பொருளாளர், ஆதகூர்க் காளி செய்த பாவத்தில் போவார்.'

எங்கள் பொருளாளர் அதில் கையெழுத்துப் போட மறுக்கிறார். முதலில் அந்த நாய் என்ன செய்தது என்று தெரிய வேண்டுமாம்.